இடப்பக்கம் ஒரு வண்டி

எங்கள் ரேஸ் குழுவில் எனக்குப் பெயர் கடைசி. யாரும் கேலிக்கு வைத்ததல்ல. நானே உழைத்துச் சம்பாதித்தது. இருபது பேர் ஓட்டினால் இருபதாவதாக வருவேன். மழை, மின்வெட்டு என்று பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள் என்றால் பன்னிரண்டாவதாக வருவேன். கூட்டத்துக்குத் தகுந்தபடி நடந்துகொள்கிற ஆள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆளாளுக்கு அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மேசையில் பொம்மை ஸ்டியரிங்கை முடுக்கி, காலடியில் இரண்டு பெடலைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டுவோம். வண்டி நிஜமில்லை, ரோடு நிஜமில்லை. வருகிற கோபம் மட்டும் சுத்தமான அசல். மற்ற நேரங்களில் நான் மெத்தைக் கடையில் விற்பனையாளன். படுத்துக்கொண்டே பேரம் பேசுகிற மனிதர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவனுக்கு வேகம் எங்கிருந்து வரும்?

ஓட்டத் தெரியாதவனுக்கு யார் மேலும் பொறாமை இருக்காது என்று நினைத்து என்னை நடுவராகப் போட்டார்கள். அது தப்புக் கணக்கு. எனக்கு எல்லார் மேலும் பொறாமை இருந்தது. எல்லார் மேலும் சமமாக இருந்ததால் நீதிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்னொரு நடுவர் ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரி வேலைக்காகவும், ரேஸில் நூல் நுழையாத இடைவெளியில் வண்டியை நுழைப்பதற்காகவும் அவளுக்கு ஊசி என்று பெயர்.

யாராவது யாரையாவது இடித்துவிட்டால் எங்களுக்குப் புகார் வரும். நாங்கள் ரீப்ளேயைப் போட்டுப் பார்ப்போம். அதற்கு முன்னால் எல்லா வண்டிக்கும் வெள்ளையடித்துப் பெயரை எடுத்துவிட வேண்டும். யார் இடித்தது, யார் இடிபட்டது என்று தெரியாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் பெயரைத் திறக்கலாம். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது என் அத்தான்.

“நீ நடுவர். நான் உன் அக்கா புருஷன். நாளைக்கு நான் யாரையாவது இடிச்சா என்ன பண்ணுவே, மச்சான்?”

“நீங்க இடிக்க மாட்டீங்களே, அத்தான்.”

“திருட மாட்டோம்னு வீட்டுக்குப் பூட்டுப் போடாம இருக்கோமா? வெள்ளையடிடா.”

அத்தானுக்குக் குழுவில் மரியாதை என்று பெயர். டவுன் பஸ் ஓட்டுகிறவர். குழுவில் பாதிப் பேர் அவருடைய டிப்போ ஆட்கள்தான். அவர் முந்துவதைப் பார்த்தால், கல்யாண வீட்டில் பெரியவர்களைத் தாண்டிப் போகிறவர் மாதிரி இருக்கும்: கொஞ்சம் ஒதுங்கி, கொஞ்சம் குனிந்து, மேலே படாமல், ஆனால் போய்விடுவார். வளைவுக்குள் எல்லாரும் ஆவேசமாக நுழைந்து தடுமாறும்போது இவர் மெதுவாக நுழைந்து சீக்கிரமாக வெளியே வந்திருப்பார். “இடிக்கிறவன் எல்லாம் முந்தத் தெரியாதவன்டா” என்பார். தப்பித்தவறி யாரையாவது தட்டி ரோட்டை விட்டு வெளியே தள்ளிவிட்டால், தானே ஓரமாக நின்று, தள்ளப்பட்டவர் திரும்பி வந்து முன்னால் போகிறவரை காத்திருப்பார். இடத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று அதற்குப் பெயர். அவர் செய்ததைப் பார்த்து மற்றவர்களும் செய்ய, குழுவின் விதியாகவே ஆகிவிட்டது.

நான் எழுதிய விதியும் ஒன்று உண்டு. மூன்றாம் விதி: பார்க்கலை என்பது பதில் இல்லை. இடித்த ஒவ்வொருவரும் “சத்தியமா பார்க்கலை” என்று வந்து நின்றால் நான் என்ன செய்ய?

லீவு நாளிலும் அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்வதில் அக்காவுக்கு ஆற்றாமை. “அங்கயும் ஸ்டியரிங், இங்கயும் ஸ்டியரிங். என்னைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு ஸ்டியரிங்கைக் கட்டிக்கிட்டிருக்கலாம்.”

“நீ மட்டும் திருப்பின பக்கம் திரும்புவியா?” என்பார் அத்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரே ஓட்டத்தில் மூன்று புகார்கள் வந்தன.

வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து வெள்ளையடித்துப் பார்த்தோம். மூன்றும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி. வளைவில் ஒரு வெள்ளை வண்டி இடதுபுறம் திரும்புகிறது. அதன் இடப்பக்கத்தில் இன்னொரு வண்டி முழுசாக, பட்டப்பகலில், பெட்டி மாதிரி வந்துகொண்டிருக்கிறது. அங்கே யாருமே இல்லாத மாதிரி இது மேலே ஏறிப் படுக்கிறது.

“அண்ணா, இடிச்சிட்டு நிக்குது பாருங்க” என்றாள் ஊசி ஹெட்போனில். “மூணு தடவையும் நின்னு இடம் குடுத்திருக்கு. முரடன் நிப்பானா?”

“நடிப்பு. அடிச்சிட்டு அழறவன் இல்லையா, அந்த ஜாதி.”

தீர்ப்பு எழுதுவதில் எனக்கு ஒரு ருசி உண்டு. ரோட்டில் வராத வேகமெல்லாம் அங்கே வரும். எழுதினேன்: “இந்த ஓட்டுநருக்கு இடப்பக்கம் என்ற ஒன்றைக் கடவுள் படைக்கவே இல்லை போலும். ஆனாலும் மூன்றாம் விதிப்படி, பார்க்கலை என்பது பதில் இல்லை. அடுத்த ஓட்டத்தில் எல்லாருக்கும் பின்னாலிருந்து புறப்படவும். இன்னொரு முறை இடித்தால் குழுவை விட்டு வெளியே.”

குரூப்பில் போட்டேன். சிரிப்பு சிரிப்பாக வந்து கொட்டியது. பிறகு பெயரைத் திறந்தோம். மூன்று வண்டியும் ஒரே வண்டி. மரியாதை.

சிரிப்பு நின்று ஏச்சு ஆரம்பித்தது. டிப்போக்காரர்கள் விடுவார்களா? “மரியாதை விலை இறங்கிப்போச்சு”, “கடைசியோட அத்தானுக்குக் கொம்பு முளைச்சிடுச்சு”, “டவுன் பஸ்ஸுன்னு நினைச்சு ஓட்டிட்டாரு, மன்னிச்சு விடுங்கப்பா.” அத்தான் ஒரே ஒரு வரிதான் போட்டிருந்தார்: “தீர்ப்பு சரி.”

மறுநாள் சனிக்கிழமை. கடையை முடித்துக்கொண்டு சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துச் சமாதானம் ஆகிவிடலாம் என்று எண்ணம். எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். தலைவலிக்கும் அதையே கொடுப்பேன், சாவு வீட்டிலும் அதையே கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே, பேச்சை நிறுத்தாமல், அவர் தட்டை அப்படியே அரை வட்டம் திருப்பி வைத்தாள். அவர் மிச்சத்தைச் சாப்பிட்டார்.

“இதென்ன புது உபசாரம்? தட்டைச் சுத்திச் சுத்தி ஊட்டறே?” என்றேன்.

“உனக்கு வேலையில்லையா?” என்றாள் அக்கா. வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு என் மண்டையில் ஒரு குட்டு விழும். அன்று விழவில்லை.

எழுந்து உள்ளே போகும்போது அத்தானின் இடது தோள் கதவு நிலையில் நன்றாகவே மோதியது. “இந்த நிலை நகர்ந்துகிட்டே வருது” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அத்தான் கம்ப்யூட்டரைப் போட்டுப் பழக ஆரம்பித்தார். கூட ஓட, கம்ப்யூட்டரே ஓட்டும் நாலைந்து வண்டிகள். நான் அவருக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்களுக்குள் ஒரு பழைய விளையாட்டு உண்டு. அவர் மும்முரமாக ஓட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருந்து நான் மூஞ்சியைக் கோணுவேன். கண்ணை மேலே செருகி, உதட்டைத் திருப்பி, கன்னத்தை உப்பவைத்து, தவளைக்கும் எங்கள் கடை முதலாளிக்கும் நடுவில் ஒரு முகம். திரையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். ஆனால் ஓரக்கண்ணில் பட்டுவிடும். “போடா, நாயே” என்று சிரித்து வண்டியைப் புல்லில் விட்டுவிடுவார். நான் அவரைத் தோற்கடித்த வழி அது ஒன்றுதான்.

அன்றும் கோணினேன்.

அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

கோபம் போல என்று நினைத்து இன்னும் கிட்டத்தில் போய்க் கோணினேன். நாக்கையும் சேர்த்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை. திரையில், அவர் வண்டிக்கு இடப்பக்கம் இன்னொரு வண்டி வந்து ஒட்டியது. அப்படி வந்தால் திரையின் இடது ஓரத்தில் மஞ்சளாக ஒரு அம்பு எரியும். எரிந்தது. அத்தான் இடது பக்கம் திருப்பினார். டமார்.

“எங்கேருந்துடா வந்தான்?” என்றார்.

நான் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரிச் சுற்றிப் போய் அவருடைய வலப்பக்கம் நின்று, அதே முகத்தைக் கோணினேன்.

“போடா, நாயே” என்று உடனே சிரித்தார்.

எனக்கு முகம் பழைய நிலைக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அத்தான். இவ்வளவு நேரம் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து கோணிக்கிட்டிருந்தேன்.”

சிரிப்பு அப்படியே நின்றது. ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்தார். திரையில் வண்டி தன்பாட்டுக்கு உருண்டு வேலியில் போய் முட்டிக்கொண்டது.

“கதவைச் சாத்து” என்றார்.

ஒரு மாசத்துக்கு முன்னால் காலையில் முகம் கழுவும்போது தலை சுற்றியிருக்கிறது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. அன்றைக்கும் பஸ் எடுத்திருக்கிறார். அதற்கப்புறம்தான் இடப்பக்கம் இருக்கிறவை இல்லாமல் போக ஆரம்பித்தன. இருட்டாகத் தெரிந்தால்கூடப் பரவாயில்லையாம். “இருட்டு இல்லடா. ஒண்ணுமே இல்ல. உனக்கு முதுகுக்குப் பின்னால என்ன தெரியுது? அந்த மாதிரி.” பஸ்ஸின் இடப்பக்கக் கண்ணாடி தூணில் ஒரு தடவை உரசியிருக்கிறது. அதற்குப் பிறகு ஓட்டும்போது கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டுகிறாராம். மூன்று கண்ணாடியையும் மாற்றி வைத்துக்கொண்டாராம். சமாளிக்கிறாராம்.

“அக்காவுக்கு?”

“தெரியாது.”

தட்டு திரும்பியதை நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

“நான் குரூப்ல போட்டதை எடுத்துடறேன், அத்தான். உங்க மேல தப்பு இல்லன்னு விஷயத்தைச் சொல்லி…”

“வேணாம்!” கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. “இடிச்சான்னே இருக்கட்டும். முரடன், திமிர் பிடிச்சவன், என்ன வேணா எழுதிக்கோ. குழுவை விட்டுக்கூடத் தள்ளிடு. டிப்போவுல ஒரு மாசம் சிரிப்பானுங்க, அவ்வளவுதான். கண்ணு தெரியலன்னு மட்டும் எழுதிடாதே, மச்சான். சாவியை வாங்கிடுவானுங்க.”

இத்தனை வருஷம் யார்மேலும் படாமல் ஓட்டியே மரியாதை என்று பெயர் வாங்கினவர், தன்னை இடிகாரன் என்று எழுதச் சொல்லி என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். எனக்கு வாயில் ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. மருந்துப் பெட்டி காலி.

ஞாயிற்றுக்கிழமையும் மதியம் வரை கடை உண்டு. ஒரு கணவன் மனைவி புது மெத்தை ஒன்றில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஊசி போன் செய்தாள்.

“அண்ணா, அந்த ரீப்ளேயைத் திரும்பப் பார்த்தேன். அவருக்கு இடது பக்கம் தெரியல. எங்க வார்டுல இந்த மாதிரிப் பேஷண்ட்டைப் பார்த்திருக்கேன். கண்ணுல கோளாறு இல்ல, மூளையில ரத்தம் போற வழியில அடைப்பு. மறுபடி வரலாம். இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.”

“சொல்லிப் பார்க்கறேன்.”

“அவர் பஸ் ஓட்டறவர்தானே?”

பக்கத்து மெத்தையின் ஓரத்தை நீவிவிட்டேன்.

“அடுத்த ட்யூட்டி எப்போ?”

“நாளைக்குக் காலைல.”

“அண்ணா.” அவள் குரல் இறங்கிவிட்டது. “டிப்போவுல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?”

“நான் சொல்றேன்” என்றேன்.

படுத்திருந்த கணவர் தலையைத் தூக்கி, “சார், இது கொஞ்சம் அமுங்குதே?” என்றார்.

“எல்லாம் அமுங்கத்தான் சார் செய்யும்” என்றேன். அவர்கள் வாங்கவில்லை.

நேரே அக்கா வீட்டுக்குப் போய் ஊசி சொன்னதை அப்படியே அத்தானிடம் சொன்னேன். கேட்டுவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, “இன்னைக்கு ரேஸ் இருக்கில்ல?” என்றார்.

“அத்தான், நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன், நீங்க…”

“ஒரே ஒரு ரேஸ். நீ என் இடப்பக்கம் உட்காரு. அந்தப் பக்கம் வண்டி வந்தா என் தோள்ல தட்டு. போயிடுச்சுன்னா கையை எடுத்துடு. யார் மேலயும் படாம ஓட்டி முடிச்சுட்டேன்னா, ஒரு ஆள் துணை இருந்தா என்னால முடியும்னு அர்த்தம். பஸ்ல கண்டக்டர் இருக்கான், சொல்லிப் பழக்கிக்குவேன். நீ வாயைத் திறக்கக் கூடாது.”

“பட்டுடுச்சுன்னா?”

“பட்டுடுச்சுன்னா நானே சாவியைக் குடுத்துடறேன். நீ சொல்ல வேணாம்.”

முடியாது என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இருக்கிற மனசு எங்கள் கடையின் முதல் ரகச் சரக்கு. யார் கையை வைத்தாலும் அந்த இடத்தில் பள்ளம் விழும். சரி என்றேன். பக்கத்தில் ஆள் உட்காரக் கூடாது என்று விதியிலும் இல்லை. எழுதினவனுக்குத் தெரியாதா?

என் தீர்ப்பின்படி அவர் எல்லாருக்கும் பின்னாலிருந்து புறப்பட்டார். என்னுடைய இடம். நான் அன்றைக்கு ஓட்டாததால் காலியாக இருந்தது. ஹெட்போன் வழியே டிப்போக்காரர்கள் வரவேற்றார்கள். “வாங்க வாங்க, எல்லாரும் இன்ஷூரன்ஸ் கட்டிட்டீங்களாப்பா?”

முதல் வளைவில் தோளில் தட்டினேன். அவர் இடம் விட்டார். கையை எடுத்தேன். திரும்பினார். அவ்வளவுதான். இரண்டு சுற்றுக்குள் எங்கள் இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது. நான் தட்டுவதற்கும் அவர் ஒதுங்குவதற்கும் நடுவில் இடைவெளியே இல்லை. ஒவ்வொருத்தராகத் தாண்டினோம். மேலே படாமல், குனிந்து, ஒதுங்கி. பத்தாவது. எட்டாவது. ஹெட்போனில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கேலி பேசியவர்கள் எல்லாம் பின்னால் போய்விட்டார்கள்.

நடுவில் அக்கா கதவைத் திறந்து பார்த்தாள். அவள் தம்பி அவள் புருஷன் தோளில் கையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்ததைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். என்ன விளையாட்டு இது என்று கேட்கவில்லை. கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனாள்.

ஆறாவது. நான்காவது. அத்தான் முகத்தில் ஒரு மாசமாக இல்லாத ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. “தட்டுடா, தட்டுடா, அப்படித்தான்” என்று முணுமுணுத்தார். நான் கடவுளுக்கு வேண்டிக்கொண்டேன். எதை வேண்டிக்கொண்டேன் என்றுதான் எனக்கே தெரியவில்லை. அவர் படாமல் முடிக்க வேண்டும் என்றா? முடித்துவிட்டால் நாளைக் காலை பஸ் எடுப்பார்.

கடைசிச் சுற்றில் மூன்றாவது இடத்துக்கு வந்தோம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் ரேஸின் முன்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. என் ரேஸ் எப்போதும் புழுதியும், மற்றவர்களின் பின்புற விளக்குகளும்தான். மேட்டின் மேல் ஏறியதும் முன்னால் இரண்டே வண்டி. அதற்கப்பால் ரோடு. வெறும் ரோடு, ஒரு ஈ காக்கை இல்லாமல், சாயங்கால வெயிலில் வளைந்து இறங்கி, தூரத்தில் ஏரி மாதிரி என்னமோ மின்னிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாளும் இவர்கள் இதைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்டினார்களா என்று நான் வாயைப் பிளந்தேன்.

இடது ஓரத்தில் மஞ்சள் அம்பு எரிந்தது.

எரிவது என் கண்ணில் பட்டது. கை என் மடியிலேயே இருந்தது.

அத்தான் திருப்பினார். டமார் என்ற சத்தம் கேட்டபோதுதான் நான் அவர் தோளைத் தட்டினேன். இடப்பக்கத்து வண்டி சுழன்று சுழன்று சரிவில் போய்க் கவிழ்ந்தது. அது ஊசியின் வண்டி.

“ஐயோ அத்தான், என் தப்பு! அம்பைப் பார்த்தேன், தட்டலை. வேடிக்கை பார்த்துட்டேன். இது செல்லாது. இன்னொரு ரேஸ் வெச்சுக்கலாம்.”

அவர் வண்டியை ஓரம் கட்டினார். முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. நிறுத்திக் காத்திருந்தார். ஊசியின் வண்டி நிமிர்ந்து, தள்ளாடி, ரோட்டுக்கு வருகிறவரை ஒவ்வொருத்தராக எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொன்றும் போகும்போது திரை ஒரு முறை குலுங்கியது. ஊசி முன்னால் போன பிறகுதான் அவர் மறுபடி பெடலை அழுத்தினார். கடைசியாக முடித்தோம்.

“மன்னிச்சுக்கம்மா” என்றார் ஹெட்போனில்.

“பரவால்லண்ணே” என்றாள் ஊசி.

அத்தான் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

“என் தப்புதான், அத்தான். நான் சத்தியமா…”

“இடிச்ச வண்டி யாருது?”

“அது உங்களுதுதான், ஆனா…”

“அப்ப தப்பும் என்னுது.” ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தார். “உனக்கு ரெண்டு பக்கமும் கண்ணு இருக்கு. என் மேல உசிரும் இருக்கு. நீயே ஒரு நிமிஷம் வேடிக்கை பார்த்துட்டே. டிக்கெட் கிழிக்கறவன் வேடிக்கை பார்க்க மாட்டானா, மச்சான்? இங்க கவுந்தா நிமிர்ந்து வந்துடறாங்க.”

போனை எடுத்துக் குரூப்பில் தானே எழுதினார். ஒரு விரலால், எழுத்து எழுத்தாக. “போன வாரம் மூணு பேர், இன்னைக்கு ஒருத்தர், நாலு பேரையும் இடிச்சது நான்தான். எனக்கு இடது பக்கம் பார்வை போச்சு. பார்க்கலைங்கறது பதில் இல்லன்னு தெரியும். ஆனா காரணம் அதுதான். தீர்ப்புப்படி நான் வெளியே போறேன். டிப்போ பசங்களா, நாளைக்குக் காலை ட்யூட்டிக்கு வேற ஆள் பாருங்க.”

ஒரு ஆள் கூடச் சிரிப்பு போடவில்லை.

அறையை விட்டு வெளியே வந்து அக்காவிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்” என்றாள். “தட்டுல பாதிச் சாப்பாடு மிஞ்சினப்பவே தெரியும்.”

“ஏன் கேக்கல?”

“கேட்டா ஆமான்னுடுவீங்களோன்னு பயமா இருந்தது.” மடித்த துணியை உதறித் திரும்ப மடித்தாள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நானும் அக்காவும் மன்றாடினோம். சாவியைத் தன் கையால் கொடுத்துவிட்டுத்தான் வருவேன் என்றார். விடிந்ததும் மூன்று பேரும் டிப்போவுக்குப் போனோம். மேனேஜர் விஷயம் தெரிந்து வாசலிலேயே நின்றிருந்தார். வண்டியில் போய் ஒரு சாமான் எடுத்துக்கொள்ளலாமா என்று அத்தான் கேட்டார், யாரோ வீட்டு வண்டியைக் கேட்பது மாதிரி. டிரைவர் சீட்டிலிருந்து ஒரு ஸ்பாஞ்சைக் கழற்றி எடுத்துக்கொண்டு இறங்கினார். முதுகு வலிக்கிறது என்றாரே என்று நான் கடையிலிருந்து வெட்டிக் கொடுத்தது. நடுவில் அவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. சாவியை மேனேஜர் கையில் வைத்தார். குழுவில் அவரை ஏசியவர்கள் ஷெட்டுக்குள் வண்டிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் ஓடி வந்து அந்த ஸ்பாஞ்சை வாங்கித் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் நடந்தான். அது எடையே இல்லாத பொருள்.

ஆஸ்பத்திரியில் ஊசி சொன்னதையே பெரிய டாக்டர் இன்னும் நீளமாகச் சொன்னார். மறுபடி வராமல் இருக்க மாத்திரை. போனது திரும்புமா என்று அக்கா கேட்டாள். டாக்டர் பேனாவை மூடினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் வந்தோம். முன் சீட்டில் அக்கா. பின்னால் நாங்கள் இருவரும். நான் ஜன்னலோரம், அவருக்கு இடப்பக்கம். ஸ்பாஞ்ச் அவர் மடியில். ஒவ்வொரு ஸ்டாப்பிங் வரும்போதும் அவருடைய வலது கால் தரையை மெல்ல அழுத்தியது. ஓட்டுகிறவன் கொஞ்சம் தாமதமாகப் பிரேக் போட்டால் இவர் கால் முன்னாலேயே அழுத்திவிட்டு, அவனுக்காகக் காத்திருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாது என்ற தைரியம். சத்தம் மட்டும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். உதடு கோணிக்கொண்டது, கன்னம் துடித்தது, மூக்கு விரிந்து கண் இடுங்கியது. வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமாக என் முகம் ஆனதில்லை.

அத்தான் நேரே பார்த்தபடி கையை நீட்டித் தடவி, என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினார்.

“மூஞ்சியைக் கோணாதடா” என்றார். “பஸ்ல எல்லாரும் பார்க்கறாங்க.”

“சரி, அத்தான்” என்றேன்.